மிரளும் குதிரையும் தளரும் கயிறும்: வாசகர் கேள்வி – பதில்

இம்முறை வந்த கடிதங்களுள் ஐந்து, பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய எல்லையோர ஊர்களிலிருந்து வந்தவை. ஐந்தும் குதிரையின் பயத்தைப் பற்றியே கேட்கின்றன. நானும் மீனாட்சிபுரத்துக்குப் பக்கத்தில் தோப்புக்குள் குதிரை வளர்ப்பவன் என்பதால், இந்தப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, சென்ற ஆடியில் அந்தியூர்ச் சந்தையில் ஐந்து வயதுப் பெண் குதிரை ஒன்றை வாங்கி வந்தேன். கத்தியவார்க் கலப்பு என்றார்கள். தென்னை மட்டை விழுந்தால் மிரள்கிறது. சாலையோரத்து பிளெக்ஸ் பேனர் காற்றில் அடித்தால் நின்ற இடத்திலேயே சுழல்கிறது. நான் கையைத் தூக்கினால் தலையை உயர்த்திக்கொண்டு பின்வாங்குகிறது. ஏறிச் சவாரி செய்யும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. ஏறாமலே, கீழே நின்று பழக்கிப் பயத்தைத் தெளிவிக்கலாம் என்கிறார்களே, அது எப்படி?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: தெளிவிக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் மூன்று மிரட்சிகளும் ஒரே வகையைச் சேர்ந்தவை அல்ல. சத்தத்துக்கும் அசைவுக்கும் மிரள்வது குதிரையாகப் பிறந்த எதற்கும் இயல்பு. பிற விலங்குகளுக்கு இரையாகி வந்த இனம், முதலில் ஓடிவிட்டுப் பிறகு என்னவென்று திரும்பிப் பார்த்ததால்தான் இன்றுவரை பிழைத்திருக்கிறது. கையைத் தூக்கினால் பின்வாங்குவது அப்படியன்று. அது யாரோ கற்றுக்கொடுத்த பாடம். தூக்கிய கை அடுத்து என்ன செய்யும் என்பது அந்தக் குதிரைக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. ஆகவே மட்டையையும் பேனரையும் இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, உங்கள் கையிலிருந்து தொடங்குங்கள். பக்கத்தில் நிற்கும் மனிதனே அச்சமாக இருக்கும்போது, அவனை நம்பி மட்டையைத் தாண்டிவா என்று சொல்வதில் பொருளில்லை.

அதற்கும் முன் ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். வலியால் மிரளும் குதிரைக்குப் பயிற்சி மருந்தாகாது. ஐந்து வயது என்பது நிலைப்பற்கள் முளைத்து முடியும் வயது. கூராக வளர்ந்த கடைவாய்ப் பல் கன்னத்தை உள்ளே கிழித்துக்கொண்டிருந்தாலோ, கடிவாள இரும்பு வந்து உட்காரும் இடத்தில் சிறு பல் ஒன்று இடறிக்கொண்டிருந்தாலோ, தலையருகே கை வருவதைக் குதிரை விரும்பாது. ஒரு கண்ணில் பார்வை மங்கிய குதிரை, அந்தப் பக்கத்திலிருந்து வரும் எதற்கும் துள்ளும். சேணப்புண் ஆறிய தழும்பு இருக்கிறதா, விரலால் அழுத்தினால் முதுகைத் தாழ்த்தி விலகுகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். குதிரை பார்த்துப் பழகிய மருத்துவர் அருகில் இல்லையென்றால், மண்ணுத்திக் கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தூரம்தான். கையோடு டெட்டனஸ் ஊசியையும் போட்டுவிடுங்கள். அந்த நோய்க்கு எளிதில் ஆட்படும் விலங்குகளில் குதிரைக்கு முதல் வரிசை, மிரளும் குதிரைக்கோ கீறலும் காயமும் ஓயாது.

இனி, முதல் பத்து நாள்களுக்கு எந்தப் பயிற்சியும் வேண்டாம். வேலி போட்ட இடத்தில் குதிரையை அவிழ்த்து விட்டு, வேலிக்கு வெளியே, அதன் மூக்கு எட்டும் தூரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, காலையில் அரை மணியும் மாலையில் அரை மணியும் உட்கார்ந்து செய்தித்தாள் படியுங்கள். இதைச் சொன்னால் சிரிப்பவர்கள் உண்டு. ஆனால் இதுவரை அந்தக் குதிரையிடம் வந்த மனிதர்கள் எல்லாரும் ஏதாவது ஒரு வேலையாகவே வந்திருக்கிறார்கள்: கட்ட, ஏற, லாடம் அடிக்க, விற்க. ஒன்றும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளை அது இப்போதுதான் பார்க்கிறது. மூன்றாம் நாளோ எட்டாம் நாளோ உங்கள் தோளருகே மூச்சுச் சத்தம் கேட்கும். திரும்பாதீர்கள், கையை நீட்டாதீர்கள், முகர்ந்துவிட்டுப் போகட்டும்.

அடுத்தது நெருங்கும் முறை. குதிரைக்குச் சுற்றிலும் ஏறத்தாழ 350 பாகை தெரியும். நெற்றிக்கு நேர் முன்னே சிறிது இடமும் வாலுக்கு நேர் பின்னே சிறிது இடமும்தான் குருடு. எனவே முகத்தை நோக்கி நேராக நடக்காமல், வளைந்து வந்து தோள்பட்டைப் பக்கம் செல்லுங்கள். எந்த இடத்தில் தலை உயர்கிறதோ, காது உங்களை நோக்கி விறைக்கிறதோ, அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். கத்தியவார்க் கலப்பு என்பதில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. உள்நோக்கி வளைந்து நுனி தொட்டுக்கொள்ளும் அந்தக் காதுகளின் சிறு அசைவும் தூரத்திலிருந்தே தெரியும். குதிரை ஓடிய பிறகு நீங்கள் நிற்பதில் பயனில்லை, அது ஓட நினைக்கும்போதே நிற்க வேண்டும். பிறகு காத்திருங்கள். தலை ஒரு சாண் தாழ்ந்ததும், திரும்பி நான்கடி விலகிப் போங்கள். நீங்கள் விலகுவதே அதற்குப் பரிசு, வெல்லக்கட்டி அன்று. தலையைத் தாழ்த்தி நின்றால் இந்த ஆள் போய்விடுகிறார் என்று அது கண்டுகொண்ட நாளிலிருந்து, ஓடுவதைக் காட்டிலும் நிற்பதே அதற்கு இலாபமாகிவிடுகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் டாம் டாரன்ஸ் (1910–2003), ரே ஹன்ட் போன்றவர்கள் வழியாகப் பரவி, இன்று நேச்சுரல் ஹார்ஸ்மேன்ஷிப் என்ற பெயரில் காணொளிகளில் உலவும் முறையின் சூட்சுமம் முழுவதும் இதற்குள் அடக்கம். அழுத்தம் குதிரையை நகர்த்தும், அவ்வளவே. அழுத்தம் நீங்கும் நொடியில்தான் அது கற்றுக்கொள்கிறது. இழுக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே ஏராளம், சரியான நொடியில் விடத் தெரிந்தவர்கள் குறைவு.

தொட அனுமதித்ததும் முகத்தைத் தடவப் போகாதீர்கள். எல்லாரும் செய்யும் தவறு அது. கழுத்தும் முதுகும் கூடும் மேட்டருகே, பிடரிமயிர் முடியும் இடத்தில், விரல் நுனிகளால் சொறிந்துவிடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. பிரான்சின் கமார்க் குதிரைகளைக் கொண்டு செய்யப்பட்டு 1993-இல் வெளியான ஓர் ஆய்வு, அங்கே சொறிந்தால் இதயத்துடிப்பு குறைவதை அளந்து காட்டியிருக்கிறது. நீங்களும் அளக்கலாம். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு. தாடை எலும்பின் கீழ் விளிம்பில் ஓடும் நாடியை விரலால் பிடித்து, 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். நின்ற நிலையிலேயே 60-ஐத் தாண்டினால், வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே அது ஓடிக்கொண்டிருக்கிறது; அன்றைய பாடத்தை அதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

ஒரு கை சொறிந்துகொண்டிருக்கும்போது மற்றக் கையை உங்கள் இடுப்பளவு உயர்த்துங்கள். குதிரை கால் பெயர்க்காமல் நின்றால் உடனே கையைத் தாழ்த்துங்கள். விலகினால், அது நிற்கும்வரை கையை அதே உயரத்தில் அசைக்காமல் வைத்திருந்து, நின்ற பிறகு தாழ்த்துங்கள். அது விலகும்போது கையைத் தாழ்த்தினால், விலகியதற்குக் கூலி கொடுத்ததாகிவிடும். இடுப்பிலிருந்து மார்பு, மார்பிலிருந்து தோள், தோளிலிருந்து தலைக்குமேல் என்று உயர்ந்து முடிக்க ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். என் அனுபவத்தில் அடிபட்ட குதிரைக்கு இந்தப் படிதான் மிக நீளமானது, இதை முடித்தால் மீதி எல்லாம் விரைவாக நடக்கும்.

கடிவாளத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். பருத்தித் தலைக்கயிறும் 12 அடி நீளமுள்ள பிடிகயிறும் போதும். மீந்த கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மடித்துப் பிடியுங்கள். சுற்றிக்கொண்டால் குதிரை பாயும்போது கயிறு இறுகி விரலையே கொண்டுபோய்விடும். முதலில் தலை தாழ்த்தப் பழக்குங்கள். தாடைக்குக் கீழே கயிற்றைப் பிடித்து, ஒரு தேங்காய் மூடி தொங்குகிற அளவு பாரத்தை மட்டும் கீழ்நோக்கிக் கொடுத்துக் காத்திருந்து, தலை ஓர் அங்குலம் இறங்கியதும் விட்டுவிட வேண்டும். பின்னங்கால்களை நகர்த்துவது அடுத்தது. விலாப்பக்கம் நின்று, கயிற்றால் மூக்கைச் சற்றே உங்கள் பக்கம் திருப்பி, அதன் இடுப்பைப் பார்த்தபடி கயிற்று நுனியை மெல்லச் சுழற்றுங்கள். உங்கள் பக்கத்துப் பின்னங்கால் மற்றக் காலுக்கு முன்னே குறுக்காக எட்டு வைத்ததும் நிறுத்துங்கள். இது வெறும் வித்தையன்று. பாய்ந்தோடுவதற்குக் குதிரை இரு பின்னங்கால்களையும் ஊன்றி உந்த வேண்டும். குறுக்கே எட்டு வைக்கும் காலால் உந்த முடியாது. மிரட்சி ஓட்டமாக மாறுமுன் தடுக்கும் பிரேக் இதுதான். அதை முகத்தில் தேடுகிறவர்கள் கடிவாளத்தால் வாயைக் கிழிக்கிறார்கள். பின்னோக்கி நடத்துவது, நிறுத்துவது, தோளருகே இணையாக நடத்திச் செல்வது ஆகியவை இவ்விரண்டும் வந்தால் தாமே வந்துவிடும்.

இப்போது மட்டைக்கு வருவோம். முன்பு என்னிடம் இருந்த சாம்பல் நிறக் குதிரை ஒன்று, காய்ந்த மட்டையைக் கண்டால் வாய்க்காலைத் தாண்டும். வரப்பில் ஒரு மட்டையைப் போட்டுவிட்டுத் தளர்ந்த கயிற்றோடு அதை அழைத்து வந்தேன். பன்னிரண்டு எட்டு இருக்கும்போதே நின்றது. காது இரண்டும் மட்டையை நோக்கிக் குத்திட்டன, மூக்குத்துளை விரிந்தது, மேலுதடு இறுகிக் கூம்பியது. நான் மட்டையைப் பார்க்கவே இல்லை, அதன் தோளருகே நின்று எதிர்த் தோப்பில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரு காது என் பக்கம் திரும்பியது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. உடனே திருப்பி அழைத்துப் போய்விட்டேன். அன்றைய பாடம் அவ்வளவுதான். மூன்றாம் நாள் கழுத்தை நீட்டி உதட்டால் தொட்டது. ஓலை சரசரத்ததும் துள்ளிப் பின்னால் போனது. கயிற்றை ஓடவிட்டேன், இழுக்கவில்லை. தானாக மறுபடியும் வந்தது. ஐந்தாம் நாள், ஆள் ஒருவர் மட்டையை இழுத்துக்கொண்டு முன்னே நடக்க, நாங்கள் பின்னே போனோம். தன்னை விட்டு விலகிப் போகிற பொருளுக்குக் குதிரை பயப்படுவது குறைவு. ‘நான் வருகிறேன், அது ஓடுகிறது’ என்ற கணக்கில் அதற்கு ஒரு கெத்து வந்துவிடும். வாரக் கடைசியில் மட்டையின் நுனியைக் கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. இதே மட்டைக்காக முன்னொரு கையாள் அதைச் சாட்டையால் அடித்திருந்தார். மிரளும் பொருளருகே அடித்தால், வலி அந்தப் பொருளிலிருந்தே வந்ததாகக் குதிரை எண்ணிக்கொள்ளும் என்று கிரேக்கரான செனபோன் 2300 ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறார்.

ஒரு செய்தி மட்டும் பாக்கி. இடப்பக்கம் பழகியதை வலப்பக்கமும் முதலிலிருந்து பழக்குங்கள். ஒரு கண்ணில் கண்டது மறு கண்ணுக்குத் தெரியாது என்று சொல்வது சரியன்று. ஆனால் திரும்பி வரும்போது மட்டை வேறு கோணத்தில், வேறு நிழலோடு, வேறொரு பொருளாகத் தெரிகிறது. ஒரு பாடம் 15 நிமிடத்துக்கு மேல் வேண்டாம். கணவாய்க் காற்று பேய்போல அடிக்கும் ஆனி, ஆடி மாதங்களில் இவற்றைத் தொடங்கவும் வேண்டாம். அசையாத பொருளே இல்லாத நாளில், எதற்குப் பயப்படக் கூடாது என்று குதிரைக்குச் சொல்லித்தர முடியாது.

கேள்வி: காணொளியில் பார்த்தபடி, மூங்கிலால் வட்டமாக வேலி கட்டி, கயிற்றை வீசிக் குதிரையை ஓடவிட்டேன். பத்து நிமிடத்தில் வாயை மென்றபடி என் பின்னாலேயே நடந்து வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். வேலிக்கு வெளியே வந்ததும் பழையபடி மிரள்கிறது. எங்கே தவறினேன்?
– வாசகர், வேலந்தாவளம்

பதில்: நீங்கள் பார்த்த முறை உலகப் புகழ் பெற்றது. அமெரிக்கக் குதிரைப் பயிற்சியாளர் மாண்டி ராபர்ட்ஸ் 1989-இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முன்னிலையில் அதைச் செய்துகாட்டினார். அதற்கும் முன் 1858-இல் ஜான் ராரி என்ற அமெரிக்கர், விக்டோரியா ராணியின் முன்னிலையில் முரட்டுக் குதிரைகளை அடக்கிக் காட்டி, அன்பால் அடக்குபவர் என்று பெயர் வாங்கினார். உண்மையில் அவர் முன்னங்காலை வாரால் மடித்துக் கட்டிக் குதிரையைத் தரையில் சாய்க்கும் முறையையும் கையாண்டவர். ராணிகளின் முன்னால் நிகழ்ந்தவை எல்லாம் காட்சிகள். காட்சிக்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிவு தெரிய வேண்டும், உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லை.

வட்ட வேலிக்குள் நடப்பதைக் குதிரையின் பக்கமிருந்து பாருங்கள். ஓடச் சொல்கிறார்கள், எவ்வளவு ஓடினாலும் துரத்துகிறவரிடமிருந்து தூரம் கூடுவதில்லை, ஏனென்றால் வட்டத்துக்கு மூலையே கிடையாது. ஓட்டம் பலிக்கவில்லை. நடுவில் நிற்கும் ஆளின் பக்கத்தில் மட்டும் துரத்தல் இல்லை. ஆகவே அங்கே வருகிறது. இதை நம்பிக்கை என்று பெயரிடலாம், வேறு வழியில்லாமை என்றும் பெயரிடலாம். வாய் மெல்லுவதைப் பணிவின் அடையாளம் என்பார்கள். இறுக்கம் தளரும்போது உலர்ந்த வாயில் எச்சில் ஊறுவதன் அடையாளம் என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அப்படியானால், அதற்குச் சற்று முன்புவரை நல்ல இறுக்கம் இருந்திருக்கிறது என்றல்லவா ஆகிறது?

உங்கள் குதிரை கற்றுக்கொண்டது, அந்த வேலிக்குள் உங்கள் பின்னால் நடப்பதை மட்டுமே. வெளியே பேனரைக் கண்டால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லித்தரவில்லை. வட்டத்தைப் பிரிக்க வேண்டாம், அது நல்ல இடம்தான். ஆனால் ஓட்டுவதை விட்டுவிட்டு, உள்ளே நடையில் மட்டும் வேலை செய்யுங்கள். குதிரை உங்களைப் பார்த்து ஒரு காதைத் திருப்பினாலே நீங்கள் ஓரடி பின்வாங்குங்கள். பிறகு வேலியின் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து, போக வழியிருந்தும் உங்களோடு நிற்கிறதா என்று பாருங்கள். அங்கே நின்றால் நானும் கைதட்டுவேன்.

கேள்வி: நாளொன்றுக்கு மூன்று கிலோ கொள்ளு அவித்துப் போடுகிறோம், வைக்கோலும் உண்டு. பகல் முழுவதும் கொட்டகையில் அமைதியாக நிற்கிறது. மாலையில் பயிற்சிக்கு அவிழ்த்தால் மட்டும் மருண்டு துள்ளுகிறது. மட்டக் குதிரைதான், 250 கிலோ இருக்கும்.
– வாசகி, கோபாலபுரம்

பதில்: அம்மா, உங்கள் குதிரையின் பயத்தில் பாதி தீவனத் தொட்டியிலேயே தொடங்குகிறது என்று நினைக்கிறேன். பந்தயத்துக்கு ஓடும் குதிரைக்குப் போடுகிற அளவுக் கொள்ளை, இருபத்திரண்டு மணி நேரம் கட்டுத்தறியில் நிற்கும் மட்டக் குதிரைக்குப் போடுகிறீர்கள். அந்தச் சத்து எங்கேயாவது போயாக வேண்டும். மாலையில் அவிழ்த்ததும் துள்ளலாகப் போகிறது. கொள்ளைச் சிறிது சிறிதாகக் குறைத்து ஒரு கிலோவுக்குக் கீழே கொண்டுவாருங்கள். அதற்கு ஈடாகப் புல்லும் காய்ந்த சோளத்தட்டும் கூட வேண்டும். உலர்ந்த நிலையில் உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு, அதாவது உங்கள் குதிரைக்கு நாளொன்றுக்கு 4 முதல் 5 கிலோ. வைக்கோல் வயிற்றை நிரப்புமே தவிரப் போதாது. குதிரை மசால் என்று ஒரு தீவனப் பயிருக்குப் பெயரே வைத்திருக்கிறோம், அதைத் தினம் ஒரு கட்டுச் சேருங்கள். பசுந்தீவனம் என்று இளஞ்சோளப் பயிரை மட்டும் அறுத்துப் போட்டுவிடாதீர்கள், அது நஞ்சு.

இதில் இன்னொரு காரணமும் உண்டு. குதிரைக்கு ஒரு தொல்லை இருக்கிறது: தின்றாலும் தின்னாவிட்டாலும் அதன் இரைப்பையில் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். பல மணி நேரம் வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரைக்குப் புண் உண்டாகும், புண்ணுள்ள குதிரை தொட்டதற்கெல்லாம் சிணுங்கும். பயிற்சிக்கு அரை மணி முன்பு இரண்டு பிடி மசாலைத் தின்னக் கொடுத்துவிட்டு அழைத்துப் போங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பகலில் சில மணி நேரமாவது அவிழ்த்து விடுங்கள், கூட ஓர் ஆடு இருந்தாலும் நல்லது. கொட்டகையில் ‘அமைதியாக’ நிற்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். காது தொங்கி, கண் எதையும் பின்தொடராமல், கூப்பிட்டாலும் திரும்பாமல் நிற்கிறதென்றால் அது அமைதியன்று, சலித்து ஒடுங்கிப்போன நிலை. ஒருமுறை அருகில் போய்க் கவனித்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: நெற்றியில் சுழி சரியில்லை, அதனால்தான் மிரள்கிறது, எத்தனை பழக்கினாலும் திருந்தாது என்று தரகர் சொல்கிறாரே?
– வாசகர், முதலமடை

பதில்: வாங்கும்போது சொன்னாரா, நீங்கள் விற்க வரும்போது சொல்கிறாரா? சுழி என்பது மயிர் முளைத்திருக்கும் திசை. விலை குறைப்பதற்கு அது நெடுங்காலமாக உதவி வருகிறது. குதிரையின் குணமறிந்துதான் தம்பிரான் கொம்பு கொடுக்கவில்லை என்ற பழமொழியையும் இத்தகைய தரகர்கள்தாம் அடிக்கடி சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கேள்வி: பங்குனியில் எங்கள் பக்கத்தில் வேலா என்னும் கோயில் திருவிழா தொடங்கிவிடும். சென்ற ஆண்டு வெடிச் சத்தத்தில் எங்கள் குதிரை கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, நெடுஞ்சாலையில் பேருந்துக்கு முன்னால் போய் நின்றது. இந்த ஆண்டு முன்கூட்டியே சத்தத்துக்குப் பழக்கிவிட வேண்டும் என்று வீட்டில் சொல்கிறார்கள். செண்டை மேளத்துக்குப் பக்கத்தில் கட்டிவைத்தால் பழகிவிடுமா?
– வாசகர், நென்மாறை

பதில்: பழகாது. இதை நான் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்த் திருவிழாவில், இளங்குதிரை ஒன்றைக் கொட்டு மேளத்திலிருந்து முப்பது அடி தூரத்தில் தென்னை மரத்தில் கட்டினேன். அரை மணி நேரம் திமிறியது, பிறகு அசையாமல் நின்றது. பழகிவிட்டது என்று பெருமையோடு கயிற்றை அவிழ்க்கப் போனேன். உடம்பெல்லாம் வியர்த்து நனைந்திருந்தது, கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன, கண் என்னைப் பார்த்தும் பார்க்கவில்லை. கை பட்டதும் பின்னால் சாய்ந்து இழுத்ததில் தலைக்கயிறு அறுந்து, காதுக்குப் பின்னால் தோல் உரிந்து, மல்லாந்து விழுந்தது. அந்தக் காயம் மூன்று வாரத்தில் ஆறியது. ஆனால் அதன்பிறகு இரண்டு ஆண்டுகள், மேளம் வேண்டாம், கயிற்றால் மரத்தில் கட்டினாலே நடுங்கும். தவறு முழுக்க என்னுடையது. தப்ப முடியாதபடி கட்டிவைத்து அச்சத்தை மொத்தமாகத் தலையில் கொட்டினால், அது தெளிவதில்லை, கட்டிய கயிறும் கட்டிய ஆளும் அச்சத்தோடு சேர்ந்துகொள்கிறார்கள்.

வேலாவுக்கு மூன்று மாதமாவது இருக்கிறது என்றால் ஒரு வழி உண்டு. செண்டை மேளத்தையும் வெடியையும் கைபேசியில் பதிந்துகொண்டு, தீவனம் வைக்கும் நேரத்தில், கொட்டகைக்கு வெளியே தூரத்தில், உங்களுக்கே கேட்டும் கேட்காத அளவில் ஓடவிடுங்கள். குதிரை தின்பதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் சத்தம் அதிகம் என்று பொருள், குறைத்துவிடுங்கள். தின்றுகொண்டே ஒரு காதை மட்டும் திருப்பினால் அளவு சரி. நான்கைந்து நாளுக்கு ஒருமுறை மிகச் சிறிது கூட்டிக்கொண்டே போகலாம். இதில் கைபேசிக்கு ஒரு வரம்பு இருப்பதையும் மறக்க வேண்டாம்: வெடிக்கட்டின் அதிர்வு காலடி மண்ணிலும் வரும், அதைப் பதிவில் கொண்டுவர முடியாது. ஆகையால் எவ்வளவு பழகியிருந்தாலும், இந்த ஆண்டு எழுந்தருளலுக்கு அருகில் குதிரையைக் கொண்டுபோகாதீர்கள்.

வேலா நாளன்று, முடிந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, உறவினர் தோப்பில் இன்னொரு குதிரையோடு விட்டுவிடுவது நல்லது. புதிய இடத்துக்குப் பழக நான்கு நாள் முன்னதாகவே கொண்டுபோங்கள். முடியாவிட்டால், பழகிய கொட்டகைக்குள் கட்டாமல் அவிழ்த்து விட்டு, கதவைப் பூட்டுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி, தகரம், தொங்கும் கயிறு ஒன்றும் இருக்கக் கூடாது. விளக்கை எரியவிடுங்கள், வெளியே வாணத்தின் வெளிச்சம் பளிச்சிடும்போது இருட்டுக் கொட்டகையில்தான் அது அதிகமாகத் தெரியும். தட்டும் மசாலும் தொட்டி நிறைய இருக்கட்டும். நீங்கள் கூடவே இருக்கலாம், ஆனால் கதவுக்கு இந்தப் பக்கம். மிரண்ட குதிரைக்கும் சுவருக்கும் நடுவே நின்று ஆறுதல் சொல்லப் போகாதீர்கள், நம் எலும்பு அதற்குத் தாங்காது. மறுநாள் காலை பயிற்சி ஒன்றும் வேண்டாம். கொழிஞ்சாம்பாறை வாசகருக்குச் சொன்னேனே, அந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்காருங்கள்.